கொப்பரையில் வெப்பத்தின் ஓட்டம்

ஒரே கொப்பரையில் தோய்த்த நூலில் ஒரு சிட்டம் கருத்தும் மற்றொன்று வெளுத்தும் வருவதேன்? அங்கத்தினர் பலர் சாயத்தூளையே குறை கூறுவர். ஆனால் குற்றம் பல வேளைகளில் நீரின் ஓட்டம் தடைப்படுவதிலேயே இருக்கிறது.

நீர் வெப்பத்தை எளிதில் கடத்துவதன்று. தானே நகர்ந்து அதைச் சுமந்து செல்கிறது. கொப்பரையின் அடியிலுள்ள நீர் முதலில் சூடேறி, விரிந்து, இலேசாகி மேலெழுகிறது. மேலுள்ள குளிர்ந்த நீர் கனத்தால் இறங்கி அவ்விடத்தை நிரப்புகிறது. இச்சுழற்சியே வெப்பச் சலனம் எனப்படும். 30 டிகிரி செல்சியஸில் 100 லிட்டராக உள்ள நீர், 90 டிகிரியில் ஏறத்தாழ 103 லிட்டராகிறது. இச்சிறு வேறுபாடே கொப்பரை முழுவதையும் சுழலச் செய்கிறது.

நூலை நெருக்கித் திணித்தால் இச்சுழற்சிக்கு வழியில்லை. சூடு மிகுந்த இடத்தில் சாயம் விரைந்து பற்றும். ஏனைய இடங்களில் பின்தங்கும். ஆகையால் சிட்டங்களைக் கோலில் தளர்வாகத் தொங்கவிடுக. அடியில் இடைவெளி விடுக. தீயைப் படிப்படியாக ஏற்றுக. சிட்டங்களை அடிக்கடி திருப்பிவிடுக.

நிறம் மாறிப் பட்டை விழுந்த சேலைக்கு விலை குறையும், அந்நட்டம் நெய்தவருக்கே. நீருக்கு வழி விடுவதற்கோ ஒரு காசும் செலவில்லை.