அடுப்பில்லா வீட்டுக்கு இடியாப்பம்

நெல்லுக்குள் மாவு இருக்கிறது, தேங்காய்க்குள் பருப்பு. முளைக்கும் கரு இலை விடும்வரை அதைத் தின்றுதான் வளர்கிறது. ஆர்க்கிட் விதையில் இப்படி எதுவும் கிடையாது. தூசியளவு விதை, உள்ளே கொஞ்சம் செல்கள், மேலே சல்லாத் தோல். அடுப்பும் இல்லை, அரிசிப்பானையும் இல்லை. அப்புறம் எப்படிக் குடித்தனம் நடக்கிறது?

ஈர மண்ணில் விழுந்த விதைக்குள் பூஞ்சையிழை ஒன்று புகுகிறது. செல்சுவரைத் தாண்டிப் போய், தட்டில் இடியாப்பம் பிழிந்த மாதிரி சுற்றிச் சுற்றிச் சுருண்டுகொள்கிறது. ஒரு செல், ஒரு தட்டு. இழை உயிரோடு இருக்கும்போதே அதிலிருந்து சத்து செல்லுக்குள் இறங்கும். சில நாள்களில் செல் அந்தச் சுருளையே செரித்துவிடும். சக்கை மட்டும் கட்டியாக ஒதுங்கிக் கிடக்கும். காலியான தட்டில் மறுபடியும் பிழியப்படும். உவமை இங்கே இடறத்தான் செய்கிறது: தட்டில் இருப்பது மாவல்ல, பரிமாற வந்தவரின் உடம்பு. இத்தனைக்கும் பல ஆர்க்கிட்டுகளுக்குப் பரிமாறுவது, நெல்லில் இலையுறைக் கருகல் உண்டாக்கும் ரைசோக்டோனியாவின் சொந்தக்காரப் பூஞ்சைகள்.

ஆர்க்கிட் விதை முளைக்கப் பூஞ்சை வேண்டும் என்பதைக் கண்டுபிடித்தவர் நோயெல் பெர்னார் என்ற பிரெஞ்சு இளைஞர். 1899 மே மாதம், ராணுவச் சேவையில் இருந்தபோது, ஃபொன்தேன்ப்ளோ காட்டில் பறவைக்கூடு ஆர்க்கிட்டின் புதைந்த தண்டு ஒன்று அவர் கண்ணில் பட்டது. காய்களுக்குள்ளேயே விதைகள் முளைத்திருந்தன. முளைகளில் எல்லாம் பூஞ்சை.

பெரும்பாலான ஆர்க்கிட்டுகள் இலை பச்சையானதும் தாமே சமைக்கத் தொடங்கிவிடும். குட்யேரா என்ற ஊசியிலைக்காட்டு ஆர்க்கிட் பூஞ்சைக்கே சர்க்கரை திருப்பித் தருவதை 2006இல் வந்த ஆய்வு அளந்து காட்டியது. பறவைக்கூடு அப்படியல்ல. தேன் நிறத்தில் பூத்து நிற்கும், இலை பேருக்குத்தான், ஆயுசு முழுக்கப் பந்தியை விட்டு எழாது. அதற்குப் பரிமாறும் செபசினா பூஞ்சைக்கும் சமைக்கத் தெரியாது. பக்கத்துப் பீச் மரத்தின் வேரில் ஒட்டிக்கொண்டு, நீரும் தாதுவும் கொடுத்துச் சர்க்கரை வாங்கி வருகிறது. ஆர்க்கிட் பதிலுக்கு எதையும் தருவதாகத் தெரியவில்லை. இதையும் சேர்த்துக் கூட்டுவாழ்வு என்பது பெருந்தன்மை. என் கணக்கில் இது ஓசிச் சாப்பாடு.

1922இல் அமெரிக்காவின் லூயிஸ் நுட்சன், பூஞ்சையே இல்லாமல் சர்க்கரை கலந்த அகார் கூழில் ஆர்க்கிட் விதைகளை முளைக்க வைத்தார். நர்சரிகள் இன்றும் அந்த வழியில்தான் விதையிலிருந்து கன்று எடுக்கின்றன. பறவைக்கூட்டை மட்டும் அப்படித் தொட்டியில் வளர்த்துவிட முடியாது. காட்டிலிருந்து தோண்டி எடுத்து வைத்தாலும் வேரில் பூஞ்சை இருக்கும், பீச் மரம் இருக்காது. செடி பட்டினியில் செத்துப்போகும்.