ஒரு பக்கத்தின் விலை

குடும்ப மரம் வரைந்து வரும்படி ஆசிரியர் சொன்னால், தாத்தா பாட்டி வரை நாம் தயங்காமல் எழுதிவிடுவோம். கொள்ளுத்தாத்தாவின் பெயரை அப்பாவிடம் கேட்போம். அதற்கும் மேலே போனால், அப்பா பெரியப்பாவைத் தொலைபேசியில் அழைப்பார். எள்ளுப்பாட்டியின் பெயர் என்ன என்று கேட்டால் வீடே அமைதியாகிவிடும். மனித நினைவு அவ்வளவு தூரம்தான் போகும். அதற்கு அப்பாலுள்ள பெயர்கள் ஏதேனும் ஒரு தாளில் எழுதப்பட்டிருந்தால்தான் நமக்குக் கிடைக்கும். அது பிறப்புப் பத்திரமாக இருக்கலாம். கப்பல் பயணிகள் பட்டியலாக இருக்கலாம். தோட்டத்துச் சம்பளப் பேரேடாகவும் இருக்கலாம். அந்தத் தாளும் அழிந்துவிட்டால் பிறகு யாரைக் கேட்பது?

இந்தக் கேள்வி எல்லா நாட்டு மக்களுக்கும் உண்டு. அமெரிக்காவில் இதற்காகப் பொதுமக்கள் ஒன்றுசேர்ந்து பணம் திரட்டினார்கள். 2010ஆம் ஆண்டில் தொடங்கிய அந்த முயற்சி 3 மில்லியன் டாலருக்கும் அதிகமான தொகையை இலக்காகக் கொண்டது. அவர்கள் காப்பாற்ற விரும்பியவை ஒரு பழைய போரின் ஓய்வூதியக் கோப்புகள்.

1812இல் அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் இடையே போர் மூண்டது. பிரிட்டிஷ் படையினர் 1814 ஆகஸ்டில் வாஷிங்டன் நகருக்குள் புகுந்து அதிபரின் மாளிகைக்கே தீ வைத்தனர். 1815இன் தொடக்கத்தில் போர் முடிந்தது. வீடு திரும்பிய வீரர்களுள் பெரும்பாலோர் உழவர்கள், தச்சர்கள், கூலி வேலை செய்தவர்கள். அவர்களுடைய பெயர்கள் வரலாற்று நூல்களில் இடம்பெறவில்லை. பல ஆண்டுகள் கழித்து, 1871இல், உயிரோடிருந்த வீரர்களுக்கும் இறந்தவர்களின் மனைவியருக்கும் ஓய்வூதியம் வழங்க அமெரிக்க அரசாங்கம் சட்டம் இயற்றியது. குறைந்தது 60 நாள் பணியாற்றியிருக்க வேண்டும். மனைவி எனில், போர் முடிவதற்கு முன்பே திருமணம் நடந்திருக்க வேண்டும். 1878இல் வந்த மற்றொரு சட்டம் இவ்விதிகளைத் தளர்த்தியது. 14 நாள் பணி போதும். திருமணம் எப்போது நடந்திருந்தாலும் சரி.

ஓய்வூதியம் வேண்டுமானால் சான்று காட்ட வேண்டும். ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முன் நடந்த திருமணத்தை ஒரு மூதாட்டி எப்படி மெய்ப்பிப்பார்? அக்காலத்தில் திருமணச் சான்றிதழ் எல்லாரிடமும் இருக்கவில்லை. அதனால், திருமணத்திற்கு வந்திருந்த அண்டை வீட்டாரை அழைத்து வந்து வாக்குமூலம் கொடுக்கச் செய்தனர். சிலர் வீட்டு விவிலியத்தின் பக்கத்தையே கிழித்து அனுப்பினர். நம் வீடுகளில் குழந்தை பிறந்த நேரத்தையும் நட்சத்திரத்தையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைப்பதுபோல, அங்கே பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றை விவிலியத்தின் வெற்றுப் பக்கங்களில் எழுதி வைப்பார்கள். அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கொடுப்பதென்பது எளிதான செயலாக இருந்திருக்காது. எழுதத் தெரியாதவர்கள் கையொப்பத்திற்குப் பதிலாகப் பெருக்கல் குறி ஒன்றைப் போட்டனர். அதன் அருகில் எழுத்தர் அவர்களுடைய பெயரை எழுதினார்.

இவ்வாறு சேர்ந்த கோப்புகள் ஏறக்குறைய 180,000. அவற்றிலுள்ள பக்கங்கள் 7.2 மில்லியன். சராசரியாகப் பார்த்தால், ஒருவரின் வாழ்க்கைக்கு நாற்பது பக்கங்கள்.

குடும்ப வரலாற்றைத் தேடுவோர் இக்கோப்புகளைப் பெரிதும் நாடுவதற்கு ஒரு காரணம் உண்டு. அமெரிக்காவில் 1790 முதல் 1840 வரை எடுக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்குகளில் குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே எழுதப்பட்டது. மனைவியும் பிள்ளைகளும் வெறும் எண்ணிக்கைதான். 1850இல்தான் வீட்டிலிருந்த அனைவரின் பெயர்களும் கணக்கில் இடம்பெற்றன. ஆகவே, அதற்கு முன் வாழ்ந்த பல பெண்களின் பெயரும் பிறந்த ஊரும் திருமண நாளும் இந்த ஓய்வூதியக் கோப்புகளில் மட்டுமே இருக்கக்கூடும். கணவனின் போரால்தான் மனைவியின் பெயர் நமக்குக் கிடைக்கிறது என்பது வியப்பான செய்திதான்.

தாள் நிலையானதன்று. 1890ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கே இதற்குச் சான்று. 1921 ஜனவரியில் வாஷிங்டனில் அது வைக்கப்பட்டிருந்த கட்டடத்தின் அடித்தளத்தில் தீப்பிடித்தது. தீயினால் ஒரு பகுதி அழிந்தது. தீயை அணைக்கப் பாய்ச்சிய நீரால் மற்றொரு பகுதி கெட்டது. எஞ்சியவற்றுள் பெரும்பகுதியும் பின்னர் அழிக்கப்பட்டுவிட்டது. ஓய்வூதியக் கோப்புகள் அத்தகைய விபத்துக்கு ஆளாகவில்லை. ஆனால், அவற்றுக்கு வேறொரு ஆபத்து இருந்தது. ஆய்வாளர்கள் கேட்கும்போதெல்லாம் மடித்த தாளை எடுத்து, விரித்து, மீண்டும் மடித்து உறைக்குள் வைக்க வேண்டும். மடிப்புகளில் தாள் விரிசல் விட்டது. விரும்பிப் படிப்பவர்களின் கைகளே ஆவணத்தைத் தேய்த்துவிடுகின்றன. மின்னிலக்கப் படமாக்கிவிட்டால் மூலத்தைத் தொட வேண்டிய தேவை குறையும்.

“இது அரசாங்கத்தின் வேலையல்லவா?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் கோடிக்கணக்கான பக்கங்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் படமெடுக்க எந்தக் காப்பகத்தாலும் இயலாது. வரிசையில் காத்திருந்தால் தங்கள் முறை எப்போது வரும் என்பது யாருக்கும் தெரியாது. எனவே, குடும்ப வரலாற்றுச் சங்கங்களின் கூட்டமைப்பு முன்வந்து, செலவைத் திரட்டித் தருவதாகச் சொன்னது.

இத்தனை மில்லியன் டாலர் தேவை என்றால் கேட்பவருக்கு மலைப்புத்தான் வரும். “நான் தரும் பத்து டாலரால் என்ன ஆகிவிடும்?” என்று தோன்றும். கூட்டமைப்பு அப்படிக் கேட்கவில்லை. ஒரு பக்கத்தைப் படமாக்க ஏறக்குறைய 45 சென்ட் செலவாகும் என்று கணக்கிட்டுச் சொன்னது. அன்றைய மதிப்பில் அது இரண்டு ரிங்கிட்டுக்கும் குறைவு; ஒரு கோப்பைத் தேநீரின் விலை எனலாம். ஆன்செஸ்ட்ரி என்னும் நிறுவனம், மக்கள் தரும் ஒவ்வொரு டாலருக்கும் ஈடாகத் தானும் ஒரு டாலர் தர ஒப்புக்கொண்டது. ஆகவே, ஒருவர் ஒரு டாலர் கொடுத்தால் நான்கு பக்கங்கள் காப்பாற்றப்படும். இருபது டாலரில் இரண்டு வீரர்களின் கோப்புகள் முழுவதும் முடிந்துவிடும். இந்தக் கணக்கை ஒரு பள்ளி மாணவரும் போட்டுப் பார்க்கலாம். நன்கொடை பெருகியதற்கு இந்தத் தெளிவே முதற்காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இரண்டாவது காரணம், படங்களைப் பார்க்க யாரிடமும் கட்டணம் வாங்கக் கூடாது என்ற ஏற்பாடு. அந்நிறுவனத்திற்கு இதில் நன்மையே இல்லை என்று சொல்ல முடியாது. இலவசமாகப் பார்க்க வருபவர், கட்டணம் செலுத்த வேண்டிய பிற ஆவணங்களையும் நாடக்கூடும். என்றாலும், நன்கொடையால் உருவான பக்கங்கள் எல்லாருக்கும் பொதுவாகவே இருக்கும் என்பது உறுதி செய்யப்பட்டது. தான் கொடுத்த பணத்தில் உருவான படத்தைத் தானே காசு கொடுத்துப் பார்க்க வேண்டுமென்றால் யார்தான் கொடுப்பார்?

அந்த 45 சென்ட் எதற்குச் செலவானது? படமெடுக்கச் சில நொடிகள் போதும். அதற்கு முந்திய வேலைதான் நீண்டது. உறையிலிருந்து தாள்களை வரிசை மாறாமல் எடுக்க வேண்டும். துருப்பிடித்த ஊசிகளை அகற்ற வேண்டும். மடிப்பை நீக்கித் தட்டையாக்க வேண்டும். கிழிந்த தாளைப் பழுதுபார்க்கும் வல்லுநரிடம் அனுப்ப வேண்டும். படமெடுத்த பிறகும், பெயரைக் கொண்டு தேடும்படி அட்டவணை அமைக்க வேண்டும். அட்டவணை இல்லாத 7.2 மில்லியன் படங்கள், தலைப்பு ஒட்டாத பெட்டிகள் நிறைந்த கிடங்கைப் போன்றவை.

சங்கங்கள் தங்கள் கூட்டங்களில் சிறுகச் சிறுகத் தொகை சேர்த்தன. தம் உறுப்பினர்கள் தருவதற்கு ஈடாகத் தாமும் தருவதாக அறிவித்த சங்கங்களும் இருந்தன. 2012இல் போரின் இருநூறாம் ஆண்டு வந்ததால் பலருடைய கவனமும் இதன்பால் திரும்பியது. 2016இல் தேவையான தொகை முழுவதும் சேர்ந்துவிட்டதாகக் கூட்டமைப்பு அறிவித்தது.

ஆயினும், பணம் சேர்ந்த நாளிலேயே வேலை முடிந்துவிடவில்லை. கோப்புகள் குடும்பப் பெயரின் அகரவரிசைப்படி படமெடுக்கப்பட்டன. ‘ஆடம்ஸ்’ என்ற பெயருடைய குடும்பத்தார் தங்கள் மூதாதையரின் கோப்பை முன்னரே பார்த்துவிட்டார்கள். ‘யங்’ குடும்பத்தார்தான், நன்கொடை கொடுத்துவிட்டு, தங்கள் எழுத்து வரும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.