பாம்புக்குக் காய்ச்சல் வருமா?

நமக்கு நோய் கண்டால் உடல் சுடுகிறது. பாம்புக்கு நோய் கண்டால்? அதன் உடல் தானாகச் சூடேறாது. பாம்பு தனக்கு வேண்டிய வெப்பத்தைப் பெரும்பாலும் சுற்றுப்புறத்திலிருந்தே பெறுகிறது.

அமெரிக்காவில் பலர் வீட்டில் வளர்க்கும் பாம்புகளுள் ஒன்று, ஆப்பிரிக்காவைச் சேர்ந்த பால் பைத்தான் என்னும் சிறு மலைப்பாம்பு. கூண்டு குளிர்ந்து கிடந்தால் இதற்குச் சுவாச நோய் எளிதில் பற்றும். அப்போது வாயைத் திறந்து மூச்சு விடும். மூச்சில் இரைச்சல் கேட்கும். வாயில் சளி நுரைக்கும். பாம்புக்கு உதரவிதானம் இல்லை. ஆகவே நம்மைப்போல் பலமாக இருமிச் சளியை வெளியே தள்ள அதனால் இயலாது. உடனே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மருத்துவர் ஊசி போடுவார். மருந்து மட்டும் போதுமா? போதாது. வேதிவினைகளின் வேகம் வெப்பநிலையைப் பொறுத்தது என்று வகுப்பில் படித்திருப்பீர்கள். வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால், உடலில் நிகழும் பல வினைகளின் வேகம் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்துவிடும். குளிர்ந்த பாம்பின் உடலில் மருந்து மெதுவாகவே பரவும்; கிருமிகளை எதிர்க்கும் அணுக்களும் மந்தமாகும்; விழுங்கிய இரையும் சரிவரச் செரிக்காது.

1975இல் அமெரிக்க அறிஞர் மாத்யூ க்ளூகரும் அவருடைய குழுவினரும் ஒரு சோதனையை வெளியிட்டனர். பாலைவன இகுவானா என்ற பல்லியினத்துக்கு நோய்க் கிருமிகளைச் செலுத்தி, வெவ்வேறு வெப்பநிலைகளில் வைத்தனர். 34 டிகிரியில் இருந்தவற்றைவிட 40, 42 டிகிரியில் இருந்தவையே அதிகம் பிழைத்தன. ஊர்வனவற்றில் சில, நோயுற்றால் தாமாகவே வெப்பமான இடத்தை நாடுகின்றன. காய்ச்சலைத் தேடிப் போகின்றன எனலாம்!

அப்படியானால் கூண்டை நன்றாகக் கொதிக்க வைக்கலாமா? கூடாது. பாலைவனப் பல்லி தாங்கும் சூட்டை மலைப்பாம்பு தாங்காது. கூண்டின் ஒரு பக்கம் சுமார் 32 டிகிரி செல்சியஸ், மறு பக்கம் சுமார் 26 டிகிரி இருந்தால், வேண்டிய இடத்தைப் பாம்பே தெரிந்தெடுத்துக்கொள்ளும். வெப்பநிலைக் கட்டுப்படுத்தி இல்லாத சூட்டுத் தகடு ஆபத்தானது. உடல் வெந்துபோகும் வரை அதன்மேலேயே படுத்துக் கிடக்கும் பாம்புகள் உண்டு. வெப்பமானியைச் சுவரில் மாட்டினால் காற்றின் வெப்பமே தெரியும். பாம்பு படுக்கும் தரையில் வைத்துத்தான் அளக்க வேண்டும்.

மாணவர்களே, நாகம், சாரை, மலைப்பாம்பு முதலிய நம் நாட்டுப் பாம்புகளைப் பிடித்து வளர்ப்பது, 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அடிபட்ட பாம்பைக் கண்டால் தொடாதீர்கள், வனத்துறைக்குத் தெரிவியுங்கள்.