சீகையை வெட்டியாயிற்று, விதையை?

சீரழிந்த நிலப்பரப்பில் 30 சதவீதத்தையாவது 2030-க்குள் மீட்பு வேலையின் கீழ் கொண்டுவர வேண்டும் என்று 2022-இல் மாண்ட்ரியலில் உலக நாடுகள் ஒப்புக்கொண்டன, இந்தியாவும்தான். அதே ஆண்டு தமிழக அரசு அயல் தாவரங்களுக்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டது. உயர் நீதிமன்றமும் அவற்றை அகற்றுவது பற்றி விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறது. ஆகவே நீலகிரியிலும் கொடைக்கானலிலும் பரவிய சீகை (வாட்டில்) என்னும் அயல் மரம் பற்றி, 'இத்தனை ஹெக்டேரில் சீகை அகற்றப்பட்டது' என்று அறிவிப்புகள் வருகின்றன, கூடவே வாசகர் கடிதங்களும். வெட்டிய சரிவில் மறுபடி சீகைக் கன்று மண்டிக்கிடக்கிறதே, யார் நட்டது?

யாரும் நடவில்லை. அறிவிப்பில் 'அகற்றப்பட்டது' என்றால் தரைக்கு மேலே நின்றது போயிற்று, அவ்வளவே. கீழே இருப்பதை எந்தக் கணக்கிலும் காணோம்.

சீகை விதையின் தோல் நீர் புகாதது. ஊறப்போட்ட பயறில் சில மணிகள் மட்டும் கல்லாகவே கிடந்து பல்லைப் பதம் பார்க்குமே, அதே குணம்தான். பயறில் சிலவற்றுக்கு, சீகையில் பெரும்பாலானவற்றுக்கு. நீர் புகாததால் முளைக்காது, எளிதில் அழுகவும் அழுகாது, பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். மேலே காய்த்துக் கொட்டக் கொட்டக் கீழே சேர்ந்துகொண்டே போகும். அந்தத் தோலில் ஓரிடம் மட்டும் சற்று நலிந்தது. சூடு பட்டால் அங்கே விரிசல் விடும், ஈரம் உள்ளே போகும், விதை விழிக்கும். சீகை நாற்று வளர்ப்போர் விதையைக் கொதிநீரில் போட்டு எடுப்பது இதற்காகத்தான்.

இனி வெட்டுவதை யோசியுங்கள். மரம் நின்றவரை தரை நிழலில் குளிர்ந்து கிடந்தது. சாய்ந்ததும் வெயில் நேரே மண்ணில் விழுகிறது. பகல் சூட்டுக்கும் இரவுக் குளிருக்கும் இடைவெளி கூடுகிறது. வெட்டிய கிளைகளுக்குத் தீ வைத்தால் இன்னும் வசதி. தாய் மரம் போய்விட்டது, இடம் காலி என்று விதைக்குச் சொல்வதே நம் கோடரிதான். ஊட்டிப் பக்கம் மஞ்சளாய்ப் பூக்கும் ஸ்காட்ச் புரூம் புதருக்கும் இதே தந்திரம்; காய் வெடித்துச் சிதறிய விதையை எறும்பு இழுத்துப்போய்ப் புதைக்கும் உபகாரம் வேறு.

சீகைக்கு முன் அந்தச் சரிவில் இருந்த நம் புல்லின் விதை அங்கே இல்லையா?

இருந்தாலும் மிகக் குறைவு. மலைப்புற்கள் பெரும்பாலும் பல்லாண்டுத் தூர்கள். பக்கத் தூர் விட்டுப் பெருகுபவை, விதையை நெடுநாள் மண்ணில் சேர்த்து வைப்பவை அல்ல. பள்ளங்களில் உறைபனி சோலைக்காட்டு மரங்களின் நாற்றைக் கருக்கியதால் புல் நிலைத்தது. சீகைக்கு அந்தப் பனி அவ்வளவாக உறைக்கவில்லை. நாற்பது ஆண்டு அதன் நிழலில் கிடந்த சரிவில் 'இயற்கையாகவே புல் மீளும்' என்று அதிகாரிகள் சொன்னால், எந்த விதையிலிருந்து என்று கேளுங்கள். நாற்றங்காலில் தூர் பிரித்து நடுவதுதான் வழி. செலவு அதிகம், வேலை மெதுவு.

மண்ணில் அயல் விதை குறைவு என்று அறிக்கை வந்தால்?

சோதித்த முறையைப் பாருங்கள். மண்ணைத் தட்டில் பரப்பி, நீர் விட்டு, முளைத்ததை எண்ணுவதுதான் வழக்கம். முளைக்க மறுக்கும் விதை அந்தக் கணக்கில் பூஜ்யம். சலித்துப் பார்க்காத ஆய்வைச் சீகை விஷயத்தில் நான் நம்பமாட்டேன்.

பணத்தை எங்கே போடலாம்?

1973 முதல் 2017 வரை மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்புல்வெளிகளில் ஏறக்குறைய 23 சதவீதம் அயல் மரங்களிடம் போயிற்று என்கிறது செயற்கைக்கோள் படங்களை வைத்த ஆய்வு. மிச்சமிருக்கும் புல்லுக்குள் தலைகாட்டும் சீகைக் கன்றுகளைக் காய்க்கும் முன்பே பிடுங்குவது மலிவு. ஹெக்டேர் கணக்கில் அது பகட்டாகத் தெரியாது. அதனாலேயே பின்னுக்குப் போகிறதோ என்னவோ.

இயந்திரம் வைத்து வேரோடு பிடுங்கினால்? மண் புரளும், அடியில் கிடந்த விதை மேலே வரும்.

எல்லா மரத்தையும் வெட்டியே ஆக வேண்டுமா? இல்லை; முதிர்ந்த சீகையின் நிழலில் சோலைக் கன்றுகள் தாமாக எழும் இடங்கள் உண்டு.

எத்தனை ஆண்டு களையெடுப்பது? விதை தீரும்வரை, திட்டக் காலம் தீரும்வரை அல்ல.

சுற்றுலா போகிறவர்கள்? செருப்பு மண்ணைத் தட்டிவிட்டுப் போங்கள், வண்டியைப் புல்லில் இறக்காதீர்கள்.