கரிசல் மண்ணும் சங்கக் கிட்டங்கியும்

பருத்தி பயிரிடும் அங்கத்தினர்களுக்குக் கரிசல் மண்ணின் குணத்தை நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கோடையில் அது சுருங்கி வெடிக்கிறது. மழை பெய்ததும் நீரை உறிஞ்சிப் பருக்கிறது. பயிருக்கு ஈரத்தைக் காத்துத் தரும் இம்மண், தன்மேல் நிற்கும் கட்டடத்தை ஆண்டுதோறும் தூக்கியும் இறக்கியும் அலைக்கழிக்கிறது. சன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல்கள் பெரும்பாலும் இதனால் விளைவனவே. சாந்து பூசி அவற்றை மறைப்பது வீண் செலவு. அடுத்த மழைக்கு மீண்டும் திறந்துகொள்ளும். அவ்வழியே இறங்கும் நீர் நூல் சிப்பங்களையும் பருத்திப் பொதிகளையும் கெடுத்துவிடும்.

இதற்குரிய பரிகாரத்தை, 1947ஆம் ஆண்டில் தோன்றிய ரூர்க்கி மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் நம் நாட்டுக்கு ஏற்ப வகுத்தளித்துள்ளது. பருவந்தோறும் ஈரம் மாறுவது சாதாரணமாக மேல் 3.5 மீட்டர் மண்ணில்தான். ஆகவே, திருகு வடிவான கருவியால் அந்த ஆழத்துக்கேனும் குழி துளைத்து, அதன் அடிப்பகுதியை வேறொரு கருவியால் குமிழ் போல் அகலப்படுத்துகின்றனர். குமிழின் விட்டம் தண்டின் விட்டத்தைப் போல் ஏறத்தாழ 2.5 மடங்கு இருக்கும். பின்னர் இரும்புக் கம்பிக்கூட்டை இறக்கிக் கான்கிரீட் நிரப்புகின்றனர். மேல்மண் பருத்துத் தூணை மேலே இழுத்தாலும், அடியிலுள்ள குமிழ் நங்கூரம் போல் பற்றிக்கொள்ளும். தூண்களை இணைக்கும் உத்தரத்தின் மீதே சுவர் எழும்பும். உத்தரத்துக்கும் தரைக்குமிடையே 80 மில்லிமீட்டருக்குக் குறையாத இடைவெளி விடுதல் அவசியம். இல்லையேல் பருக்கும் மண் உத்தரத்தையே முட்டித் தூக்கிவிடும்.

இவ்வேலையில் முக்கியமானவை யாவும் மண்ணுக்குள் மறைந்துவிடுகின்றன. ஆயினும் கணக்குப் புத்தகம் அவற்றைக் காட்டிக் கொடுக்கும். 30 சென்டிமீட்டர் விட்டமும் 3.5 மீட்டர் ஆழமுமுள்ள தண்டுக்கு மட்டும் சுமார் கால் கன மீட்டர் கான்கிரீட் பிடிக்கும்; குமிழுக்கு அதற்கு மேலும் வேண்டும். கால் கன மீட்டரிலேயே குழி நிறைந்துவிட்டால், குமிழ் சரியாக விரியவில்லை, அல்லது குழியில் மண் சரிந்துள்ளது என்று ஐயுற வேண்டும்.

ஆதலின், பொறியாளரைக் கொண்டு மண்ணைப் பரிசோதித்த பின்னரே வேலையைத் தொடங்குக. ஒவ்வொரு குழியின் ஆழத்தையும் நிர்வாகக் குழுவினர் ஒருவர் முன்னிலையில் அளந்து, அதில் சென்ற கான்கிரீட்டின் அளவோடு பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிடுக. அடியில் உதிர்ந்த மண்ணை அகற்றிக் காலதாமதமின்றிக் கான்கிரீட் இடச் செய்க. கிட்டங்கிக்குச் செலவாவது அங்கத்தினர்கள் சிறுகச் சிறுகச் செலுத்திய பங்குத் தொகை. மூடிய பின் குழியைத் திறந்து பார்க்க இயலாது. மூடுமுன் பார்ப்பதே நம் கடமை.