இறைபிரசன்னப் பயிற்சி

இறைபிரசன்னப் பயிற்சி என்பது, எந்த வேலையின் நடுவிலும் கடவுள் அருகில் இருக்கிறார் என்ற நினைவோடு அவருடன் பேசிப் பழகும் கிறித்தவப் பக்தி முறையாகும். இதற்குப் பெயர் பெற்றவர் சகோதரர் லாரன்சு. இயற்பெயர் நிக்கோலா எர்மான். லொரேன் பகுதியில் பிறந்தவர், முன்னாள் போர்வீரர். 1640இல் பாரிசிலுள்ள கார்மேல் சபை மடத்தில் சேர்ந்தார். அங்கு அவருக்குக் கிடைத்தது சமையலறை வேலை. அதுவும் இயல்பாகவே அவருக்குப் பிடிக்காத வேலை!

ஆராதனையில் தேவ பிரசன்னத்தை உணர முடியவில்லையே என்று வருந்துவோர் கவனிக்க வேண்டியது அவரது முதல் பத்து ஆண்டுகளை. அக்காலத்தில் தம் பாவங்களை நினைத்து மிகவும் கலங்கியதாக அவரே ஒரு கடிதத்தில் எழுதியுள்ளார். ஆறுதல் கிடைக்கவில்லை என்பதற்காக அவர் பயிற்சியை விட்டுவிடவில்லை. செபிக்கும்போது மனம் அலைந்தால், அதனோடு போராடாமல் மெல்லத் திருப்பிக் கொண்டுவருவதே அவர் சொன்ன வழி. நாளடைவில் செப வேளைக்கும் அடுப்படி வேலைக்கும் அவருக்கு வேறுபாடு இல்லாமல் போயிற்று. இதை வைத்து, பொது வழிபாடு தேவையில்லை என்று அவர் கருதியதாகக் கொள்வது சரியன்று. குறித்த வேளைகளில் அவர் செபத்துக்குச் சென்றே வந்தார்.

லாரன்சு 1691இல் காலமானார். அதன்பின் அவருடைய கடிதங்களையும் உரையாடல்களையும் ஜோசப் தெ போஃபோர் என்ற குரு தொகுத்து வெளியிட்டார். கத்தோலிக்கத் துறவி ஒருவரின் இச்சிறு நூலைப் புரொட்டஸ்தாந்து சபையினரும் விரும்பி வாசிக்கின்றனர்.