எண்ணெயும் தண்ணீரும் ஒட்டுமா? ஒட்ட வைக்கலாம்!

வேப்பெண்ணெய் அடித்தும் பூச்சி போகவில்லை. கடைசி நாலு வரிசைச் செடி கருகியதுதான் மிச்சம். சாத்தூர், இருக்கன்குடி பக்கம் கரிசலில் பருத்தி, மிளகாய் போடுகிறவர்களுக்கு இது புதுசில்லை. குற்றம் பெரும்பாலும் எண்ணெயில் இல்லை. கலக்கும் விதத்தில் இருக்கிறது.

எண்ணெய் தண்ணீரைவிட லேசானது. சரியாகக் கலக்காவிட்டால் டேங்கில் மேலே மிதக்கும். தெளிப்பானோ அடியிலிருந்து உறிஞ்சும். முதல் வரிசைகளுக்கு வெறும் தண்ணீர், கடைசி வரிசைகளுக்குச் சுத்த எண்ணெய். அங்கே பூச்சி தப்பிக்கும். இங்கே இலை கருகும்.

ஏன் சேர மறுக்கிறது?

எண்ணெய்த் துளிகள் ஒன்றோடொன்று சேர்வதைப் பார்த்து, அவற்றுக்குள் பாசம் என்று நினைக்கிறோம். உண்மையில் பிடிவாதம் தண்ணீருக்குத்தான். தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று கைகோத்து, நொடிக்குள் பல முறை ஆள் மாற்றிப் பிடித்துக்கொண்டே இருக்கும். எண்ணெய்க்கு அப்படிப் பிடிக்கக் கை இல்லை. அதன் ஓரத்தில் நிற்கும் தண்ணீருக்கு ஆள் மாற்ற வழி குறைந்துவிடுகிறது. துளிகள் ஒன்றாகிவிட்டால் அந்த ஓரம் சுருங்கும், தண்ணீருக்கு நிம்மதி.

ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலில் குடும்பம் குடும்பமாகக் கைகோத்துப் போவார்கள். தனியாக வந்தவர்கள் ஓரமாக ஒதுங்கி ஒன்றாக நிற்பார்கள். அவர்களுக்குள் சொந்தமில்லை, கூட்டம் சேர்த்து வைத்தது. எண்ணெயின் கதையும் அதுதான்.

இலையின் மேல்தோலிலும் மெழுகு உண்டு. தாமரை, சேம்பு இலைகளில் மெழுகோடு கண்ணுக்குத் தெரியாத மேடுகளும் இருப்பதால், துளிக்கு அடியில் காற்று தங்கித் தண்ணீர் முத்தாக உருளும். தூசியையும் அள்ளிக்கொண்டு போகும். 1997-ல் ஜெர்மனியின் பார்த்லாட், நைன்ஹுயிஸ் என்ற இரு தாவரவியலாளர்கள் இதை விளக்கினார்கள். தாமரைக்கு அது வரம். வெங்காயத் தாளில் அடித்த மருந்து தரைக்கு ஓடும்போது நமக்கு நஷ்டம்.

சோப்பு செய்யும் சமரசம்

சோப்பு மூலக்கூறின் தலை தண்ணீரோடு சேரும். வால் எண்ணெயோடு சேரும். எண்ணெயைப் பொடித் துளிகளாக்கி, மறுபடி ஒன்றாகாமல் காக்கும். இலை மெழுகின் மேலும் கரைசலைப் பரப்பிவிடும்.

10 லிட்டர் டேங்குக்கு (3 சதவிகிதக் கரைசல்):

1. சுமார் 50 கிராம் காதி சோப்பைச் சீவி, ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் கரையுங்கள்.
2. அதில் 300 மி.லி. வேப்பெண்ணெயைச் சிறிது சிறிதாக ஊற்றி, பால் நிறம் வரும்வரை அடித்துக் கலக்குங்கள்.
3. பிறகுதான் மீதித் தண்ணீர். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.
4. கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் எடுத்துப் பத்து நிமிடம் வையுங்கள். மேலே எண்ணெய் படர்ந்தால் அடிக்காதீர்கள், மறுபடி கலக்குங்கள்.
5. முதலில் நாலைந்து செடிகளில் அடித்து, இரண்டு நாள் பார்த்துவிட்டு, அடுத்து புதிதாகக் கலக்கி வயல் முழுக்க அடியுங்கள். வெயில் தாழ்ந்த பிறகே தெளிக்க வேண்டும். இடையிடையே டேங்கைக் குலுக்குங்கள்.

வாசகர் கேள்வி

*போர் தண்ணீரில் சோப்பு திரிந்துபோகிறதே, என்ன செய்வது?*

அது கடினத் தண்ணீர். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து சோப்போடு சேர்ந்து திரித்துவிடும். எண்ணெயைப் பிடிக்கச் சோப்பு மிஞ்சாது. மழைத் தண்ணீர், ஊருணித் தண்ணீர் நல்லது. கிடைக்காவிட்டால், கடினத் தண்ணீரிலும் வேலை செய்யும் ஒட்டும் திரவத்தை மருந்துக் கடையில் கேட்டு வாங்குங்கள்.

*மிச்சக் கரைசலை மறுநாள் அடிக்கலாமா?*

கூடாது. நேரமாக ஆக எண்ணெய் பிரியும், வேம்பின் வீரியமும் குறையும். அன்றைக்குத் தேவையானதை மட்டும் கலக்குங்கள்.